கொல்லைக்கு வராத ஆவாரை

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டி அமைந்துள்ள கச்சிராயபாளையத்தைச் சுற்றிய நிலம், நீர் எட்டும் நிலம், நீர் எட்டாத நிலம் என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வாய்க்காலும் கிணறும் எட்டுகிற இடங்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்ததற்கும் அந்த விளைச்சலே அடிப்படை. அதற்கு அப்பால், மலைச்சரிவு தொடங்கும் சரளை மேட்டிலும், ஏரிக்கரையின் வெளிப்புறத்திலும், சாலையோரத்திலும், யாரும் உழாத புறம்போக்கிலும், புல்லும் முட்புதரும் கலந்த திறந்தவெளி விரிகிறது. இம்மலைத்தொடரில் சுமார் 400 மீட்டர் உயரம் வரை புதர்க்காடும், அதற்கு மேல் 800 மீட்டர் வரை இலையுதிர்காடும், உச்சிப் பகுதிகளில் சோலையும் புல்வெளியும் காணப்படுகின்றன என்று பொதுவாகப் பகுத்துரைப்பார்கள். அவற்றுள் முதல் அடுக்கில், வெயிலையும் சரளையையும் ஆடுமாடுகளின் குளம்பையும் தாங்கிக்கொண்டு ஆண்டின் பெரும்பகுதி மஞ்சளாகப் பூத்து நிற்கும் புதர்ச்செடியே ஆவாரை.

இத்தகைய திறந்தவெளிப் பூக்களைத் தோட்டத்தில் வளர்ப்பது இன்று உலகின் பல பகுதிகளில் ஓர் இயக்கமாகவே நடைபெற்று வருகிறது. அதன் ஊற்றுக்கண்களுள் ஒன்று வட அமெரிக்காவின் ‘பிரேரி’. மரங்கள் அரிதாகவும் புல்லும் பூச்செடிகளும் மிகுதியாகவும் அமைந்த பரந்த சமவெளியை அப்பெயரால் அழைப்பார்கள். 1837-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்தளித்த பின், ஒட்டிப்பிடிக்கும் அந்தக் கரிய மண்ணை உழுவது எளிதாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குள் உயரப்புல் பிரேரி ஏறத்தாழ முழுவதும் மக்காச்சோளக் காடாகவும் கோதுமை வயலாகவும் மாறி, இன்று அதில் நூற்றில் நான்கு பங்கு கூட மிஞ்சவில்லை. 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் மாடிசன் நகரில் கைவிடப்பட்ட பண்ணை நிலம் ஒன்றில் பிரேரிச் செடிகளை மீண்டும் நட்டு வளர்க்கத் தொடங்கினர். அம்முயற்சியில் பங்குகொண்ட ஆல்டோ லியோபோல்ட், 1949-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலில், ஒரு நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டத்தின் வேலி மூலையில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்த சில்பியம் என்னும் மஞ்சள் பூச்செடியைப் பற்றி எழுதியிருந்தார். வேலி அகற்றப்பட்டதும் சாலைப் பணியாளரின் அரிவாள் அச்செடியையும் வெட்டியது. கலப்பை புகாத சுடுகாட்டு ஓரத்திலும் இருப்புப்பாதைக் கரையிலும் மட்டும் ஒரு நிலத்தின் பழைய பூக்கள் ஒதுங்கி வாழ்வது தமிழ்நாட்டிலும் கண்ணுக்குப் பழகிய காட்சிதான்.

இதில் ஒரு முரண் உண்டு. பிரேரியின் மலர் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வயல் வயலாக விதைக்கப்படும் சூரியகாந்தி அந்த அமெரிக்கச் சமவெளிகளிலிருந்து வந்ததே. நாற்றங்கால்களில் விற்கப்படும் கெயிலார்டியாவும் அமெரிக்கப் பூவே. மாலைக்குக் கட்டப்படும் துலுக்கச் சாமந்தியோ மெக்சிகோவிலிருந்து வந்தது. வீட்டு மதிலை ஒட்டி மஞ்சள் நிறத்துக்காக நடப்படும் டெகோமா என்னும் புதரும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்ததே. அதே மஞ்சளை, அதே உயரத்தில், அதனினும் குறைந்த நீரில் தரவல்ல ஆவாரையை மட்டும் நாற்றங்காலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கேட்காமலே சாலையோரத்தில் கிடைக்கும் பூவை விலைகொடுத்து வாங்கி நடுவானேன் என்ற எண்ணமே இதற்கு முதற்காரணமாக இருக்கலாம். ஆனால் அச்சாலையோரம் இனியும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் போவது ஓரத்துப் புதரே. எஞ்சிய புறம்போக்கைச் சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் மூடிக்கொண்டு வருகின்றன. 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டுவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்வெளியும் தரிசுநில வகைகளுள் ஒன்றாகவே இடம்பெறுகிறது. பயனற்றது என்று பெயரிடப்பட்ட நிலத்தின் பூவுக்குத் தோட்டத்தில் மதிப்பு கிடைக்காமற்போனது வியப்பன்று.

ஆவாரை, அவரை குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. தாவரவியலார் இலின்னேயசு 1753-இல் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்டார். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்று அகன்று வளைந்து நிற்கும் இலையடிச் செதில்களைக் கண்டே, காதுடையது எனப் பொருள்படும் இரண்டாம் சொல் அமைந்தது. ஆவாரையைப் பிற மஞ்சள் பூச்செடிகளிலிருந்து, பூக்காத காலத்திலும், பிரித்தறிய இந்தக் ‘காது’ போதும். கொன்றை இனங்களைக் காசியா, சென்னா எனப் பிரித்துக் காட்டும் முறை பின்னர் நிலைபெற்றதால், இன்றைய நூல்களில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய சித்த மருத்துவ நூல்களின் பதிப்புகளில் காசியா என்ற பெயரைக் காண்பவர்கள் இரண்டும் ஒன்றே எனக் கொள்ளலாம். செடி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம் வளரும். தொந்தரவின்றி விட்டால் ஆள் உயரத்தையும் தாண்டும். இதே சென்னா பேரினத்தில் சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்னும் அமெரிக்க மரமும் உண்டு. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அம்மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் கட்டுக்கடங்காமல் பரவியதனால், அதனை அகற்றும் பணியில் தமிழ்நாடு அரசு ஈடுபட்டுள்ளது. மஞ்சள் பூ என்பதற்காக மட்டும் ஒரு செடியை நட்டுவிடலாகாது என்பதற்கு ஒரே பேரினத்தின் இவ்விரண்டு செடிகளே சான்று.

ஆவாரம்பூவின் உள்ளமைப்பு சாலையில் செல்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆரஞ்சு நரம்போடிய ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் உள்ளன. அவை ஒரே அளவினவும் அல்ல, ஒரே வேலை செய்பவையும் அல்ல. மேலே உள்ள மூன்று மகரந்தம் தராத மலட்டுத் தாள்கள். நடுவில் உள்ளவை குட்டையானவை. கீழே உள்ளவை நீண்டு வளைந்தவை. இப்பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கிடைக்கும் கூலி மகரந்தம் மட்டுமே. அம்மகரந்தமும் பிற பூக்களில் உள்ளதுபோல் வெளியே தூவப்பட்டிராமல், மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளைக்குள், உப்புக் குடுவைக்குள் உப்பு இருப்பதுபோல் அடைபட்டிருக்கிறது. அதை வெளியே கொட்டவைப்பதற்குக் குலுக்க வேண்டும். பட்ட மரத்தில் துளையிட்டுக் கூடுகட்டும் பெரிய கருவண்டு பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறப்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது; அவ்வதிர்வில் மகரந்தம் துளை வழியாகப் பீறிட்டு வெளிவருகிறது. குட்டைத் தாள்கள் கொட்டுவது பெரும்பாலும் வண்டுக்கு உணவாகிறது. நீண்ட தாள்கள் கொட்டுவது வண்டின் உடலில், அதன் கால்கள் எளிதில் வழித்தெடுக்க முடியாத இடத்தில் படிந்து அடுத்த பூவின் சூலகமுடிக்குப் போய்ச் சேருகிறது. கூலியைத் தனியாகவும் சரக்கைத் தனியாகவும் வைத்திருக்கும் ஏற்பாடு இது. அதிர்வினால் மகரந்தத்தை வெளிக்கொணரும் முறையைத் தாவரவியலார் அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்பார்கள். தக்காளி, கத்தரிப் பூக்களும் இதே வகையில் அதிர்வினால் பயன்பெறுபவை. ஆதலால் ஆவாரைக்கு வரும் கருவண்டு பக்கத்துக் காய்கறிப் பாத்திக்கும் வேண்டிய விருந்தாளியே.

பூவில் தேன் இல்லையென்றாலும் செடியில் தேன் உண்டு. இலைக்காம்பின் நெடுகிலும், ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் நடுவில், குண்டூசித் தலை அளவிலான சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஊறும் இனிப்பை நாடி எறும்புகள் செடியெங்கும் நடமாடுகின்றன. எறும்பு ஏறிய செடி நோயுற்ற செடி என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள், செடி கூலி கொடுத்து அமர்த்திய காவலரையே விரட்டியவர்கள் ஆகிறார்கள். காவல் இருந்தும் இலை கடிபடுவது உண்டு. கொன்றை வகைச் செடிகளைத் தேடி முட்டையிடும் வெளிர்மஞ்சள், வெளிர்பச்சை வண்ணத்துப்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள், ஆவாரை இலையின் நடுநரம்போடு ஒட்டிக்கிடந்து தின்னும். சில கிளைகள் மொட்டையாகும். சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஆவாரை வளர்க்காதிருப்பதே நன்று.

சங்க இலக்கியத்தில் ஆவிரை எனப்படும் இப்பூ, குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெறுகிறது. ஆயினும் அக்காலத்தில் இது வேறொன்றுக்கும் பெயர்பெற்றிருந்தது. காதலித்த பெண்ணை அடைய இயலாத ஆடவன், பனைமடலால் செய்த குதிரையேறி ஊர்த்தெருவில் வந்து தன் நிலையை ஊரறியச் செய்யும் மடலேறுதல் என்னும் வழக்கில், அவன் அணிந்த மாலையில் பூளையும் ஆவிரையும் எருக்கும் கட்டப்பட்டிருந்ததைக் கலித்தொகை காட்டுகிறது. நாணம் துறந்தவன் அணியும் பூக்கள் அவை. நல்ல நாளில் பெண்கள் கூந்தலில் சூடும் மல்லிகை, முல்லை வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. பின்னாளில் அவற்றுள் இரண்டு பூக்கள் வேறொரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கொங்கு நாட்டிலும் சேலம் வட்டாரத்திலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும், போகியன்று வேப்பிலை, மாவிலையோடு பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்துக் கட்டிக் கூரை முகப்பிலும் மாட்டுக்கொட்டிலிலும் வயல் மூலையிலும் செருகுவதைக் காப்புக் கட்டுதல் என்பார்கள். தெலங்கானாவில் இதே பூ தங்கேடு என்ற பெயரில் பதுகம்மா திருவிழாவின் பூ அடுக்கில் முதன்மை பெற்று, மாநில மலராகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கும் சரி, இங்கும் சரி, பூவைக் கொண்டாடுபவர்கள் அதனை வெளியிலிருந்துதான் கொண்டுவருகிறார்கள்; கூரைக்கு வந்த ஆவாரை கொல்லைக்கு வரவில்லை.

பணப்பயனுக்காக ஆவாரை பயிரிடப்பட்ட காலம் ஒன்றும் இருந்தது. இதன் பட்டையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை துவர்ப்பொருள் உள்ளது. பச்சைத் தோல் அழுகாமல் பதப்படுவதற்குக் காரணமான இத்துவர்ப்பொருளைத் தோல் தொழிலில் டானின் என்பார்கள். சென்னை மாகாணத்துத் தோல் மண்டிகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறிய பாதி பதனிட்ட தோல்கள், பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் ஊறியவை. அப்படிப் பதனிட்ட தோல் வெயில்பட்டால் சிவந்துவிடும் என்பதால், இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை நனைத்தெடுப்பது வழக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை மலிவாக வரத்தொடங்கியதும், பிறகு குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியதும் ஆவாரம்பட்டையின் சந்தையை ஒடுக்கின. தோட்டக்காரருக்கு இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு: பட்டைக்காக வளர்த்தவர்கள் செடியை அடியோடு வெட்டியெடுத்தும் அது மறுபடி கிளைத்து வந்தது, ஆகவே கவாத்து என்னும் கிளைவெட்டுக்கு ஆவாரை அஞ்சுவதில்லை.

ஆவாரையை வளர்க்க முயன்று தோற்றவர்களின் பிழைகள் பெரும்பாலும் இரண்டே. முதலாவது, விதையை அப்படியே விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று கைவிடுவது. ஆவாரை விதையின் மேலுறை நீர் புகாத அளவுக்குக் கெட்டியானது. காட்டில் அது கோடையின் பகல் வெப்பத்திலும் இரவுக் குளிர்ச்சியிலும் மெல்ல விரிசல் கண்டு, சில விதைகள் இவ்வாண்டும் சில அடுத்த ஆண்டுகளிலுமாக முளைக்கின்றன. ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அம்மழை பொய்த்தால் எல்லாம் மடிந்துபோகும் வறண்ட நிலத்துக்கு ஏற்ற முன்னெச்சரிக்கை அது. வீட்டில் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. பழுப்பேறிக் காகிதம்போல் சலசலக்கும் தட்டைக் காய்களிலிருந்து எடுத்த விதைகளுள், வண்டு துளைத்தவற்றை நீரில் மிதக்கவிட்டு நீக்கியபின், மற்றவற்றின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் உள்நிறம் சற்றே தெரியும்வரை தேய்க்கலாம். முளை கிளம்பும் கூர்முனையை மட்டும் தொடக்கூடாது. விதை மிகுதியாக இருப்பின், கொதித்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு அவற்றின்மேல் ஊற்றி ஓரிரவு ஊறவிடலாம். காலையில் உப்பியிருப்பவை விதைப்புக்கு ஆயத்தமானவை. உப்பாதவற்றுக்கு மீண்டும் ஒருமுறை அதையே செய்ய வேண்டும்.

ஊறிய விதையை ஆடி, ஆவணி மழையிலோ ஐப்பசி மழையின் தொடக்கத்திலோ, செடி நிலைத்து நிற்கவேண்டிய இடத்திலேயே விரற்கடை ஆழத்தில் ஊன்றுவது சிறந்தது. ஆவாரை முதலில் கீழேதான் வளரும்; மேலே நான்கு இலை விடுவதற்குள் ஆணிவேர் நெடுந்தூரம் இறங்கியிருக்கும். பையில் நெடுநாள் வைத்திருந்து நடும் கன்றுகளின் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்வதால் அவை காற்றில் சாய்கின்றன, அல்லது கோடையில் காய்கின்றன. பையில்தான் வளர்க்க வேண்டுமென்றால் நீண்ட பையைத் தேர்ந்து, வேர் அடியைத் தொடுமுன் நடவேண்டும். சாலையோரத்தில் வளர்ந்த செடியைப் பிடுங்கி வந்து நடுவது இதே காரணத்தால் வீண்வேலை, காட்டுக்கும் இழப்பு.

இரண்டாவது பிழை பரிவு. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பழகிய கை, ஆவாரைக்கும் குழி வெட்டித் தொழுவுரமிட்டு நாள்தோறும் நீரூற்றுகிறது. செடி நெடுநெடுவென வளர்ந்து, தழை மிகுந்து, பூ குறைந்து, ஒரு பெருமழையில் அடி அழுகிச் சாய்கிறது. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெறும் நிலத்திலும் வாழத் தெரிந்த செடி இது. முளைத்த முதல் இரண்டு மாதங்களும் அதன்பின் வரும் முதல் கோடையும் தவிர, பாசனம் தேவையில்லை. கச்சிராயபாளையம் வட்டாரத்தில் வீட்டைச் சுற்றிலும் செம்மண் சரளை உடையவர்களுக்கு மண்ணைத் திருத்தும் வேலையே இல்லை. வாய்க்கால் பாசனத்தின் களிமண்ணில் வீடுகட்டியவர்கள், ஒன்றரை அடி உயரத்துக்குச் சரளையும் மணலும் கலந்து மேடு போட்டு அதன்மேல் விதைப்பது நன்று. நாள் முழுதும் வெயில் விழும் இடம் வேண்டும். தென்னை நிழலிலும் மா நிழலிலும் ஆவாரை உயிரோடிருக்கும், ஆனால் பூக்காது. செடிக்குச் செடி ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நட்டால் வேலியாகவும் அமையும். ஆடுமாடுகள் இதனைப் பெரிதும் விரும்பித் தின்பதில்லை என்பதால், வேலிக்கு ஒரு வேலி போடும் செலவும் மிச்சம்.

செடிக்கடியில் களையெடுத்து மண்ணைத் துடைத்து வைக்கும் வழக்கத்தையும் இங்கே தளர்த்திக்கொள்ள வேண்டும். ஆவாரை தனியாக வளரும் செடியன்று. புல்லோடும் தும்பையோடும் நெருஞ்சியோடும் பூளையோடும் சேர்ந்து வளர்வது. அத்துணைச் செடிகளுக்கு இடம்விட்டால், ஐந்தாறு ஆவாரைகள் நின்ற மூலை, சில ஆண்டுகளில் அடிவாரத்துப் புதர்வெளியின் ஒரு துண்டு போலத் தோன்றும். கண்ணுக்கு ஒழுங்கு வேண்டுவோர், பாதையோரத்தை மட்டும் நேர்க்கோட்டில் வெட்டிவைத்தால் உள்ளே உள்ள கலப்பு கவனக்குறைவாகத் தோன்றாது. பிரேரித் தோட்டக்காரர்களும் அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பிலிருந்து தப்ப இதே உத்தியைக் கையாளுகிறார்கள்.

ஆவாரை பூத்தால் சாவுக்கே இடமில்லை என்று பொருள்படும் பழமொழியைச் சொல்லாமல் இச்செடியைப் பற்றி எழுதுவோர் அரிது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குத் தரப்படும் ஆவாரைக் குடிநீர், ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியவை சேர்ந்த கூட்டுமருந்து. பூவை மட்டும் வெந்நீரில் போட்டுக் குடிப்பது அதற்கு ஈடாகாது, நீரிழிவுக்கு உட்கொள்ளும் மருந்தை நிறுத்துவதற்கும் அது காரணமாகாது. இலங்கையில் இரணவரா என்ற பெயரில் காய்ந்த ஆவாரம்பூவைத் தேநீர்போல் அருந்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அவ்வகையில் அருந்த விரும்புவோருக்குச் சாலைப் புழுதியும் வண்டிப் புகையும் களைக்கொல்லியும் படாத வீட்டுப் பூ கிடைப்பது, கொல்லையில் ஆவாரை நிற்பதனால் வரும் நேரடி நன்மை. வெட்டிய தழையும் வீணன்று; களர்நிலத்தைத் திருத்த ஆவாரைத் தழையை மிதித்து மடக்குவது உழவர்களின் பழைய வழக்கம்.

கிளைவெட்டுக்கு ஏற்ற நாளைத் தனியே தேட வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து பூ மிகுந்து நிற்கும் மார்கழிக் கடைசியில், காப்புக் கட்டுக்காக ஒடிக்கும் கிளைகளே முதற்கவாத்து. காய் முற்றிக் கோடையும் கழிந்தபின், ஆனி மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஆடி மழையில் புதுக்கிளை அடர்ந்து வரும். போகிக்கு ஒடிக்கும்போது எல்லாக் கிளையையும் எடுத்துவிடாமல் செடிக்கு இரண்டு மூன்றையேனும் காய்க்க விட்டுவைக்க வேண்டும். பங்குனி வெயிலில் அவற்றின் காய்கள் காய்ந்து வெடிக்கும். சுவரோரத்தில் விழுந்த விதைகளில் ஒன்றிரண்டு அவ்வாண்டு ஆடியிலும், மற்றவை அடுத்த ஆடியிலோ அதற்கடுத்த ஆடியிலோ, காது போன்ற செதிலோடு தலைதூக்கும். களைகொத்துபவர் அந்தக் காதை அடையாளம் கண்டுகொள்ள ஒருமுறை காட்டிவைத்தால் போதும்.